ஒரு கால்பந்து கிளப்புக்கு எதற்கு இத்தனை அணிகள்?

ஒரு திங்கட்கிழமை ராத்திரி அக்கா மகன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, யுனைடெட் நேத்துதானே ஆடினாங்க? இன்னிக்கும் மேட்ச்னு போட்டிருக்கு. ஒருத்தன் பேர்கூடத் தெரியலை." வாங்கிப் பார்த்தேன். மான்செஸ்டர் யுனைடெட்தான். ஆனால் பெயருக்குப் பின்னால் சின்ன எழுத்தில் "யூ21" என்று ஒட்டியிருந்தது. "இது அவங்க 21 வயசுக்கு உட்பட்ட பசங்க டீம்டா" என்றேன். அவன் விடவில்லை. "ரிசர்வ்னு சொல்றாங்களே அதுவா? யூத் டீமா? அகாடமியா?"

மூன்றும் ஒன்றா, வேறு வேறா? ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் அவை வேறு வேறாக இருந்து, பிறகு மெல்ல மெல்ல ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. அது எப்படி நடந்தது என்பதற்கு மான்செஸ்டர் யுனைடெட்டை விட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆகவே அந்த ஒரு கிளப்பை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ரிசர்வ் அணி. இன்றைக்கு மேட்ச் பார்க்கும் யாருக்கும் பெஞ்ச் பழக்கம். பதினோரு பேர் ஆட, ஒன்பது பேர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஐந்து பேர் வரை உள்ளே வரலாம். இந்தப் பெஞ்ச் என்ற ஒன்றே இல்லாத காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் 1965 வரை மாற்று ஆட்டக்காரரே கிடையாது. கால் உடைந்தால் பத்துப் பேரோடு ஆடி முடிக்க வேண்டியதுதான். காயம் பட்டவர் நொண்டிக்கொண்டே இடது ஓரத்தில் போய் நிற்பார், எதிரணி ஆள் ஒருவராவது அவரைக் காவல் காக்கட்டுமே என்று.

அப்படியானால் கிளப்பில் சம்பளம் வாங்கும் மற்ற இருபது, இருபத்தைந்து பேர் சனிக்கிழமை என்ன செய்வார்கள்? சும்மா உட்கார்ந்தால் உடம்பு கெட்டுப்போகும். அடுத்த வாரம் ஒருவருக்குக் காயம் என்றால், அவர் இடத்துக்கு ஆட்டச் சூட்டோடு ஓர் ஆள் தயாராக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இரண்டாவது அணி. பெஞ்ச் வருவதற்கு முன்னால் இருந்த பெஞ்ச் என்று ரிசர்வ் அணியைச் சொல்லலாம். உட்காருவதற்குப் பதில் வேறொரு மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பெஞ்ச்.

இந்த அணிகள் மோதிக்கொள்ள அவற்றுக்கென்று தனி லீக் வேண்டுமல்லவா? இங்கிலாந்தின் வடக்குப் பகுதிக்கு 1911-ல் சென்ட்ரல் லீக் என்று ஒன்று தொடங்கியது. யுனைடெட்டின் ரிசர்வ் அணி 1912-13 சீசனிலேயே அதன் பட்டத்தை வென்றது. பெரிய அணி சொந்த ஊரில் ஆடும் சனிக்கிழமை, ரிசர்வ் பெரும்பாலும் வெளியூரில் ஆடும். பெரிய அணி வெளியூர் போனால் ரிசர்வ் யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் ஆடும். அங்கேயும் கூட்டம் வரும். வெளியூர் ஆட்டத்தின் ஸ்கோர் அங்கே தெரியும் என்பது ஒரு காரணம். பிற்காலத்தில், பெரிய கோப்பை ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்க வேண்டுமானால் ஆட்ட நிரல் புத்தகத்தில் அச்சாகும் டோக்கன்களை வெட்டிச் சேர்க்க வேண்டும், ரிசர்வ் ஆட்டத்தின் புத்தகத்திலும் டோக்கன் உண்டு என்பது இன்னொரு காரணம். பக்தி பாதி, டோக்கன் பாதி.

தெருவில் ஆடும்போது ஆள் கணக்கு சரியாக வந்த பிறகும் மிஞ்சுகிற பொடியனை "ஒப்புக்குச் சப்பாணி" என்று சேர்த்துக்கொள்வோமே, ரிசர்வ் ஆட்டக்காரரை அப்படி நினைத்துவிடக் கூடாது. அவர்களில் பலர் வேறு கிளப்பில் நேராக முதல் அணிக்கே ஆடக்கூடியவர்கள். பிறகு ஏன் போகவில்லை? போக முடியாது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவைக் கிளப் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்ற விதி இருந்தது. 1963-ல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில்தான் நீதிமன்றம் அதன் கழுத்தைப் பிடித்தது. போதாததற்குச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேறு. அது 1961-ல் ஒழிக்கப்பட்டபோது வாரத்துக்கு 20 பவுண்டு. அதற்கு மேல் எந்த நட்சத்திரத்துக்கும் கொடுக்க முடியாது. ஆக, நல்ல ஆட்களைக் குறைந்த செலவில் கட்டிப்போட்டு வைக்கலாம். பெரிய கிளப்களின் ரிசர்வ் அணிகள் அவ்வளவு பலமாக இருந்ததற்குப் பின்னால் இந்த அநியாயமும் இருக்கிறது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று உருகுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

இனி யூத் அணிக்கு வருவோம். ரிசர்வ் என்பது இருக்கும் ஆளை வைத்திருக்கும் இடம். இல்லாத ஆளை உண்டாக்குவது யூத் அணி. இந்த யோசனை யுனைடெட்டுக்கு வந்தது பெருமையால் அல்ல, கையில் காசில்லாததால்.

1931 டிசம்பரில் கிளப் திவாலாகும் நிலை. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடப் பணம் இல்லை. ஜேம்ஸ் கிப்சன் என்ற துணி வியாபாரி 2,000 பவுண்டு போட்டுக் கைகொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு வான்கோழியும் வாங்கித் தந்தார். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தபின் அவருக்கு ஒன்று புரிந்தது: சந்தையில் ஆளை விலைக்கு வாங்கிக்கொண்டே இருந்தால் இந்தக் கிளப் தேறாது. செயலாளர் வால்டர் கிரிக்மருடன் சேர்ந்து, பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பையன்களுக்காக 1938-ல் ஒரு ஜூனியர் கிளப்பைத் தொடங்கினார். பெயர் மான்செஸ்டர் யுனைடெட் ஜூனியர் அத்லெடிக் கிளப். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் "முஜாக்" என்பார்கள்.

நெல்லுக்கு நாற்றங்கால் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி முளைத்த நாற்றுகளில் ஒருவர் ஜான் ஆஸ்டன். போர் முடிந்தபின் முதல் அணியில் நிலைத்து 1948-ல் இங்கிலாந்தின் பெரிய நாக் அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்றவர். அவர் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1945-ல் மேனேஜராக வந்த மாட் பஸ்பி இந்த நாற்றங்காலை ஒரு பண்ணையாகவே ஆக்கினார். அவருக்கு வலது கையாக வாய்த்தவர் ஜிம்மி மர்ஃபி என்ற வேல்ஸ்காரர். போர்க்காலத்தில் இத்தாலியின் பாரி நகரில் ராணுவ வீரர்களுக்கு அவர் கால்பந்து சொல்லிக்கொடுத்த விதத்தைக் கேட்டுத்தான் பஸ்பி வேலை கொடுத்தார். ரிசர்வ் அணியும் பையன்களும் மர்ஃபியின் பொறுப்பு. ஊர் ஊராகப் போய்ப் பையன்களைக் கண்டுபிடிக்க ஜோ ஆம்ஸ்ட்ராங் என்ற ஸ்கவுட். சேர்ந்த பையன்களைப் பட்டை தீட்ட பெர்ட் வாலி என்ற கோச்.

அப்போதைய ஏணி இப்படி: அடியில் யூத் அணி. அதற்கு மேல் உள்ளூர் லீக்குகளில் வளர்ந்த ஆண்களோடு மோதும் "பி" அணி, "ஏ" அணி. அதற்கு மேல் சென்ட்ரல் லீக்கில் ரிசர்வ். உச்சியில் முதல் அணி. பதினாறு வயதுப் பையன் சனிக்கிழமை காலையில் ஆலைத் தொழிலாளிகளிடம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டு மேலே வருவான். வயதுக்கு ஏற்ற எதிரி என்ற பேச்சே கிடையாது. இன்றைய அகாடமி கோச்சுகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

1952-ல் எஃப்.ஏ. யூத் கோப்பை தொடங்கியது, நாடு முழுவதும் உள்ள கிளப்களின் இளைஞர் அணிகளுக்கான நாக் அவுட் போட்டி. முதல் சீசனிலேயே நாண்ட்விச் என்ற சிறு ஊர் அணியை யுனைடெட் பையன்கள் 23-0 என்று அடித்தார்கள். தட்டச்சுப் பிழை இல்லை, இருபத்து மூன்றுதான். இறுதிப் போட்டியில் வுல்வ்ஸை இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 9-3. முதல் ஐந்து ஆண்டுகளும், 1953 முதல் 1957 வரை, கோப்பை வேறு யார் கைக்கும் போகவில்லை.

அந்த அணிகளில் இருந்த டங்கன் எட்வர்ட்ஸைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். 1953 ஏப்ரலில் பதினாறு வயதில் முதல் அணிக்கு ஆடினார். 1955 ஏப்ரலில் பதினெட்டு வயதில் இங்கிலாந்து அணிக்கே ஆடினார். அதே சீசனில் யூத் கோப்பைக்கும் ஆடினார்! நாட்டுக்கு ஆடுகிறவரைப் பையன்கள் ஆட்டத்தில் இறக்குவது நியாயமா என்று பத்திரிகைகள் முணுமுணுத்தன. வயது இருக்கிறது, விதி தடுக்கவில்லை, பஸ்பி இறக்கினார். அரையிறுதியில் செல்சியோடு ஆடும்போது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். பந்தை எப்போதும் டங்கனுக்கே தள்ளிக்கொண்டிருக்காதீர்கள், நீங்களும் ஆடுங்கள் என்று ஆட்டத்துக்கு முன் மர்ஃபி பையன்களிடம் சொன்னாராம். இடைவேளையில் அணி பின்தங்கியிருந்தது. மர்ஃபி உள்ளே வந்தார்: "நான் சொன்னதை மறந்துவிடுங்கள். பந்தை டங்கனிடம் கொடுங்கள்." ஜெயித்தார்கள்.

1956-ல் லீக் பட்டம் வென்ற முதல் அணியின் சராசரி வயது இருபத்திரண்டு அளவில்தான். பஸ்பியின் குழந்தைகள் என்று பெயரே வந்துவிட்டது.

பிறகு 1958 பிப்ரவரி 6. பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் முடித்துத் திரும்பும் வழியில் மியூனிக் விமான நிலையத்தில் பனிச்சேற்றில் விமானம் எழும்ப முடியாமல் நொறுங்கியது. இறந்தவர்கள் மொத்தம் 23 பேர், அதில் எட்டு ஆட்டக்காரர்கள். எட்வர்ட்ஸ் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் போராடிப் போய்ச் சேர்ந்தார். முஜாக்கைத் தொடங்கிய கிரிக்மரும், பையன்களை வளர்த்த பெர்ட் வாலியும் இறந்தவர்களில் உண்டு. மர்ஃபி அந்த விமானத்தில் இல்லை. முந்தைய நாள் கார்டிஃபில் வேல்ஸ் அணிக்கு இஸ்ரேலுடன் ஆட்டம். அவர்தான் வேல்ஸுக்கும் மேனேஜர்.

பஸ்பி உயிருக்குப் போராடிக்கொண்டிருக்க, பதின்மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 19 இரவு, ஓல்டு டிராஃபோர்டில் ஷெஃபீல்டு வெட்னஸ்டேயுடன் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். அணியை மர்ஃபி திரட்ட வேண்டும். அன்று விற்ற ஆட்ட நிரலை இன்றும் படத்தில் பார்க்கலாம். ஒரு பக்கம் எதிரணியின் பெயர்கள். யுனைடெட் என்ற தலைப்பின் கீழே பெயர்களே இல்லை, பதினோரு வெற்றிடங்கள். அச்சுக்குப் போகும்போது யார் ஆடப்போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கிட்டத்தட்ட அறுபதாயிரம் பேர் ஒலிபெருக்கியில் வரும் பெயர்களைக் கேட்டுக்கேட்டு அந்த இடங்களில் எழுதிக்கொண்டார்கள்.

எழுதிய பெயர்களைப் பார்த்தால் ரிசர்வ் அணி எதற்கு என்பது புரியும். விபத்தில் தப்பிய ஹாரி கிரெக், பில் ஃபோக்ஸ் இருவர். அவசரமாக வெளியிலிருந்து வாங்கிய எர்னி டெய்லர், ஸ்டான் குரவுதர் இருவர். குரவுதர் கையெழுத்துப் போட்டதே ஆட்டம் தொடங்கச் சற்று முன்னால்தான். மற்ற ஏழு பேரும் கிளப்பின் இருப்பிலிருந்து வந்தவர்கள். அலெக்ஸ் டாசனுக்குப் பதினெட்டு முடிய இரண்டு நாள் பாக்கி. ஷே பிரென்னன் என்ற இருபது வயதுப் பையன் முதல் அணிக்கு அதுவரை ஆடியதே இல்லை. பிற்காலத்தில் தடுப்பாட்டக்காரராக நிலைத்த அவரை, அன்று ஆள் இல்லாததால் இடது முன்வரிசையில் நிறுத்தினார்கள். அவர் எடுத்த ஒரு கார்னர் நேராகக் கோலுக்குள் போனது. பிறகு இன்னொன்றும் போட்டார். மூன்றாவது டாசனுடையது. 3-0. அந்த அணி மே மாதம் இறுதிப் போட்டி வரை போய் போல்டனிடம் தோற்றது.

பத்து வருஷம் கழித்து, 1968 மே 29. லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் போர்ச்சுகலின் பென்ஃபிகாவை 4-1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை வாங்கிய பதினோரு பேரில் அந்த பிரென்னன் இருந்தார். அன்றைக்குத்தான் பத்தொன்பது வயது முடிந்த பிரையன் கிட் இருந்தார். ஒரு கோலும் போட்டார். பதினைந்து வயதில் பெல்ஃபாஸ்டிலிருந்து வந்து, 1964-ல் யூத் கோப்பை வென்ற ஜார்ஜ் பெஸ்ட் இருந்தார். இடது ஓரத்தில் ஓடி ஓடி பென்ஃபிகாவை மூச்சு வாங்க வைத்தவர் பெயர் ஜான் ஆஸ்டன். ஆமாம், முஜாக் ஆஸ்டனின் மகன்.

இதற்குள் ரிசர்வ் அணியின் அடித்தளம் சத்தமில்லாமல் ஆடத் தொடங்கியிருந்தது. 1965-66 சீசனில் லீக்கில் ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தார்கள், அதுவும் காயத்துக்கு மட்டும். அடுத்த சீசனில் எந்தக் காரணத்துக்கும். 1987-ல் இரண்டு, 1995-ல் மூன்று, 2022-ல் ஐந்து. பெஞ்ச் நீள நீள, சனிக்கிழமை வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்த ஆட்கள் பெரிய அணியோடு பஸ்ஸில் ஏறவேண்டியதாயிற்று. சனிக்கிழமை ரிசர்வ் ஆட்டம் நடத்த ஆள் ஏது? ஆட்டங்கள் வார நாள் இரவுகளுக்குத் தள்ளப்பட்டன. டிவிக்கு முன்னால் கூட்டமும் கரைந்தது. யூத் அணி மட்டும் ஒரு நல்ல கோச் கிடைத்தால் தழைத்துவிடும்.

எரிக் ஹாரிசன் அப்படிப்பட்ட கோச். 1981-ல் வந்தவர். 1986 நவம்பரில் மேனேஜரான அலெக்ஸ் ஃபெர்குசன் ஸ்கவுட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட, பையன்கள் வந்து குவிந்தார்கள். சால்ஃபோர்டில் கிளிஃப் என்ற பழைய டிரெய்னிங் மைதானம். 1992-ல் யூத் கோப்பை வென்ற அணியில் ரயன் கிக்ஸ், டேவிட் பெக்கம், நிக்கி பட், கேரி நெவில். அடுத்த ஆண்டு பால் ஸ்கோல்ஸும் ஃபில் நெவிலும் சேர்ந்தும் இறுதியில் லீட்ஸிடம் தோற்றார்கள் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

1995 ஆகஸ்டில் சீசனின் முதல் ஆட்டத்தில் இந்தப் பையன்கள் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று அடி வாங்கினார்கள். பையன்களை வைத்து எதையும் ஜெயிக்க முடியாது என்று டிவியில் சொன்னார் ஆலன் ஹேன்சன், லிவர்பூலின் பழைய கேப்டன். அந்த சீசன் முடிவில் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் யுனைடெட்டுக்கே. ஹேன்சனை இன்றுவரை அந்த வாக்கியத்தை வைத்து ஓட்டுகிறார்கள். எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. பொதுவாகப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஏறக்குறைய ஒரே வயதில் ஆறு பேர் அப்படி ஒரு கிளப்புக்கு வாய்ப்பது அரிதினும் அரிது.

பெக்கம் முதல் அணியில் நிலைப்பதற்கு முன், 1995 மார்ச்சில் அவரைப் பிரஸ்டன் என்ற சிறிய கிளப்புக்கு ஒரு மாதம் லோனில் அனுப்பினார்கள். முதல் ஆட்டத்திலேயே கார்னரை நேராகக் கோலாக்கினார், பிரென்னனைப் போலவே. லோன் என்றால் ஆள் நம்முடையவர், சில காலம் இன்னொரு கிளப்புக்கு ஆடுவார். ரிசர்வ் அணி செய்த வேலையில் ஒரு பெரிய பங்கு இன்று இந்த லோனுக்குப் போய்விட்டது. பாயின்ட்டுக்காகப் பிழைப்பை வைத்து ஆடுகிறவர்கள் மத்தியில் கற்பது, ரிசர்வ் ஆட்டத்தில் கற்பதை விட மேல் என்று கிளப்கள் நினைக்கின்றன.

பெயர்கள் மாறிய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1999-ல் பெரிய கிளப்கள் சென்ட்ரல் லீக்கை விட்டுப் பிரீமியர் ரிசர்வ் லீக் என்று தனியாகப் போயின. 2012-ல் அதையும் கலைத்து 21 வயதுக்கு உட்பட்டோர் லீக். 2016-ல் 23 ஆக்கி, பிரீமியர் லீக் 2 என்று பெயர் வைத்தார்கள். 2022-ல் மறுபடி 21. 2012-ல்தான் அகாடமி முறையும் மொத்தமாக மாறியது: அகாடமிகளைத் தரம் பிரித்து, ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் அணியில் தொடங்கி ஒவ்வொரு வயதுக்கும் ஓர் அணி, பதினாறில் உதவித்தொகையோடு பயிற்சி, பதினேழில் தொழில்முறை ஒப்பந்தம். ஆக என் மருமகன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: அகாடமி என்பது முழு ஏணி. யூத் அணி என்று பொதுவாகச் சொல்வது 18 வயதுக்கு உட்பட்டோரை. ஏணியின் மேல் படி யூ21. பழைய ரிசர்வ் அணி இருந்த இடத்தில் இன்று இருப்பது அதுதான். காயத்திலிருந்து தேறி வரும் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் திடீரென்று அதில் ஆடினால் திகைக்க வேண்டாம். வயது கடந்த சிலரையும் சேர்க்க விதி இடம் தருகிறது. பழைய ரிசர்வின் மிச்சம் அந்த விதி.

ஸ்பெயினில் வேறு வழி. அங்கே பெரிய கிளப்களின் "பி" அணிகள் தனி லீக்கில் இல்லாமல் நாட்டின் பொது லீக் அடுக்குகளிலேயே ஆடும்; தாய் அணி இருக்கும் அடுக்குக்கு மட்டும் ஏற முடியாது. முன்பு கோப்பைப் போட்டியிலும் ஆடலாம். 1980-ல் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டில்யா, ஒவ்வொரு அணியாக வீழ்த்தி இறுதிக்கு வந்துவிட்டது. எதிரே நின்றது யார்? ரியல் மாட்ரிட்! அப்பன் மகனை 6-1 என்று அடித்தான். இங்கிலாந்தில் இந்த ஏற்பாட்டைப் பேசும்போதெல்லாம் சிறிய ஊர் கிளப்களின் ரசிகர்கள் கொதிக்கிறார்கள். நூறு வருஷமாகத் தங்கள் ஊருக்காக ஆடும் அணியின் இடத்தைப் பெரிய கிளப்பின் பையன்கள் பிடித்துக்கொள்வதா என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

யுனைடெட் பெருமையாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. 1937 அக்டோபர் 30 முதல் இன்றுவரை, அவர்கள் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் சொந்த வளர்ப்பு ஒருவராவது அணியில் இருந்திருக்கிறார். 2019 டிசம்பரில் அது 4,000 ஆட்டங்களைத் தொட்டது. வியக்கத்தக்கதுதான். ஆனால் "அணி" என்பதில் பெஞ்சும் அடக்கம் என்பதைக் கவனியுங்கள். 1965 வரை பதினோரு பேரில் ஒருவர் வேண்டும். இன்று இருபது பேரில் ஒருவர் போதும், அவர் எழுந்து நிற்கக்கூட வேண்டாம். "சொந்த வளர்ப்பு" என்ற சொல்லும் நெகிழ்ந்துவிட்டது. பால் போக்பா பதினாறு வயதில் பிரான்சின் லு ஹாவ்ர் கிளப்பிலிருந்து வந்தவர். 2011-ல் யூத் கோப்பை வென்று, 2012-ல் ஒப்பந்தம் முடிந்து போனார். 2016-ல் அவரையே 89 மில்லியன் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். நாற்றை விட்டுவிட்டு நெல்லைச் சந்தையில் வாங்கிய கணக்கு.

ஆனாலும் பழைய ரிசர்வின் வேலை சில இரவுகளில் தலைகாட்டும். 2016 பிப்ரவரி 25, டென்மார்க்கின் மிட்யூலான் அணியுடன் யூரோப்பா லீக் ஆட்டம். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றும்போது ஆந்தனி மார்சியாலுக்குக் காயம். பதினெட்டு வயது மார்கஸ் ராஷ்ஃபோர்டை இறக்கினார்கள். முதல் அணிக்கு அவர் அதுவரை ஆடியதில்லை. இரண்டு கோல் போட்டார். மூன்று நாள் கழித்து ஆர்சனலுடன் இன்னும் இரண்டு.

2022 மே மாதம் யூத் கோப்பை இறுதியில் யுனைடெட் பையன்கள் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டை 3-1 என்று வென்றபோது ஓல்டு டிராஃபோர்டில் 67,492 பேர். அந்த அணியில் இரண்டு கோல் போட்டவர் அலெஹாண்ட்ரோ கர்னாச்சோ, மாட்ரிட்டிலிருந்து வந்தவர். இன்னொருவர் கோபி மைனூ, பக்கத்து ஸ்டாக்போர்ட் பையன். இரண்டு வருஷம் கழித்து வெம்ப்ளியில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்று எஃப்.ஏ. கோப்பை வாங்கியபோது கோல் போட்ட இரண்டு பேரும் இவர்கள்தான்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அன்றைய யூ21 ஆட்டத்தில் இடைவேளை வந்துவிட்டது. மருமகன் ஆட்டக்காரர்கள் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டினான். ஒரு பெயரில் நிறுத்தி, "இவன் நல்லா ஆடுறான் மாமா" என்றான். அதை எங்கேயோ எழுதி வைத்துக்கொண்டான்.